கொடுவா எங்கே சார்?

இந்த வாரம் மீன் பிடிக்கலாம்.

சைவ வாசகர்கள் அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். இந்தக் கட்டுரை முடியும்வரை ஒரு மீனும் சாகப் போவதில்லை. (முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேனே என்றால், நம்ம அதிர்ஷ்டத்துக்கு இதில் சஸ்பென்ஸ் வேறு வேண்டுமா?)

அமெரிக்காவில் 'பாஸ்' என்று ஒரு மீன் உண்டு. நம் ஆபீஸ் பாஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது சில சமயம் கையில் சிக்கும். இலையுதிர்காலம் வந்தால் போதும், அங்கே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, காருக்குப் பின்னால் படகைக் கட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அதென்ன இலையுதிர்காலம்? கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாக மிதக்கும், அடித்தண்ணீர் ஜில்லென்று கிடக்கும். இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி ஒட்டாது. குளிர் ஆரம்பித்ததும் மேல்தண்ணீர் ஆறி, கனத்து, கீழே இறங்கும். மொத்த ஏரியும் கலங்கி ஒன்றாகிவிடும். பொடிமீன்கள் ஓடைகளுக்குள் ஒதுங்க, அவற்றைத் தின்ன பாஸும் பின்னாலேயே போகும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. ஆகவே அங்கே மீன்பிடிப்பவனின் படகில் தூண்டிலுக்கு முன்னால் இடம்பிடித்துவிட்ட சாமான், சோனார்.

நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. (மெரினாவில் உதிர்வது சுண்டல் காகிதம் மட்டுமே.) அதற்குப் பதில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருக்கிறது. பாஸுக்குப் பதில் கொடுவா இருக்கிறது. இங்கிலீஷ்காரன் இதற்கு வைத்த பெயர் ஆசிய ஸீ பாஸ். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. கல்கத்தாவில் பேட்கி. அமெரிக்க பாஸுக்கும் இதற்கும் பெயரில்தான் சொந்தமே தவிர ரத்த சம்பந்தம் இல்லை.

ஏரிக்கு நாம் எங்கே போவது? அத்திப்பட்டுக்குப் போகலாம்.

அத்திப்பட்டு என்றதும் உடனே ஒருவர் "சிட்டிசன் படத்துல காணாம போச்சே, அந்த ஊரா?" என்பார். அது 2001-ல் வந்த படத்தின் அத்திப்பட்டி, கற்பனை. இது கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில் நிற்கும் நிஜ ஊர். ஒன்றுக்கு இரண்டு ஸ்டேஷன் உண்டு: அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர். சென்ட்ரலிலிருந்து போகும்போது எண்ணூரைத் தாண்டியதும் ரயில் ஒரு பாலத்தில் தடதடக்குமே, கீழே விரிந்து கிடப்பதுதான் கொசஸ்தலை ஆறு. பூண்டியைத் தாண்டி வருகிற ஆறு, இங்கே உப்புத் தண்ணீரோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. கிழக்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கும் அப்பால் 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகம், 2014-லிருந்து காமராஜர் துறைமுகம்.

கொடுவாவுக்கு இப்படிப்பட்ட இடம்தான் பிடிக்கும். உப்பும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். குஞ்சுப் பருவத்தைக் கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் கழித்துவிட்டு, முட்டையிட முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் இறங்கும். மழை வெள்ளம் வந்து மடவையும் இறாலும் இடம்பெயரும்போது இதுவும் சுறுசுறுப்பாகிவிடும். ஓடித் துரத்தும் ஜாதி இல்லை. பாலத்துத் தூண், பாறை, அலையாத்தி வேர் என்று ஏதாவது நிழலில் ஒளிந்திருந்து, பக்கத்தில் வந்ததை லபக்கென்று விழுங்கும். (வட்டிக்காரர்கள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

இன்னொரு விசேஷம். கொடுவா சின்ன வயதில் ஆணாக இருந்து, பெருத்தபிறகு பெண்ணாக மாறும். ஐந்தாறு கிலோ கொடுவா அனேகமாக அம்மாதான். இந்த மீனைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் வித்தையை, நம் சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் சாதித்தது. ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்ப்பதற்குள் ஆணே பெண்ணாகிவிடும் மீன் என்றால் அந்த விஞ்ஞானிகளின் பொறுமையை யோசித்துப் பாருங்கள்.

சரி, சோனார்.

நான் பி.காம். ஃபிசிக்ஸுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு விவாகரத்து. ஆகவே எங்கள் பாஷையில் சொல்கிறேன். சோனார் என்பது பவுன்ஸ் ஆகும் செக். படகின் அடியிலிருந்து ஒரு 'டிக்' சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்புகிறோம். நம் காதுக்குக் கேட்காத சத்தம். அது எதிலாவது மோதித் திரும்பி வருகிறது. எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து எவ்வளவு தூரம் போனது என்று கணக்குப் போடலாம். கடல் தண்ணீரில் ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடும். ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் திரும்பி வந்தால், போக வர 30 மீட்டர். ஆழம் 15. அவ்வளவுதான் சூத்திரம்.

1912-ல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபிறகு பலரும் இந்த வித்தையை யோசித்தார்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க, பிரெஞ்சுக்காரர் லாஞ்செவன் குவார்ட்ஸ் கல்லை அதிரவைத்து ஒரு வழி கண்டார். மீனுக்குத் திருப்பியவர்கள் ஜப்பானியர்கள். நாகசாகிப் பக்கத்து ஃபுருனோ சகோதரர்கள் 1948-ல் இதை மீன் தேடும் கருவியாக்கினார்கள். 'மீன் கூட்டம் இருக்கிற இடத்தில் குமிழி வரும்' என்று ஒரு பழைய மீனவர் சொன்னதிலிருந்து பிறந்த யோசனையாம். அனுபவஸ்தர் வாயிலிருந்து வந்ததைத்தான் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்.

மீனிடமிருந்து சத்தம் எப்படித் திரும்புகிறது? மீனின் சதையில் பெரும்பங்கு தண்ணீர். சத்தம் அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். ஆனால் பெரும்பாலான மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு, மேலே கீழே மிதக்க. அந்தக் காற்றில்தான் சத்தம் பட்டுத் தெறிக்கிறது. ஆக, சோனாரில் நாம் பார்ப்பது மீனை அல்ல, மீனுக்குள் இருக்கும் பலூனை. சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது. அத்தனை பெரிய உடம்பு, சோனாரில் மங்கலாகத்தான் தெரியும். பயப்பட வேண்டிய மீனை மங்கலாகக் காட்டும் கருவி!

என் நண்பர் ஒருவருக்கு, டெக்ஸாஸிலிருந்து லீவில் வந்த மச்சான் இந்தக் கருவி ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். நண்பர் வங்கியில் வேலை. (பெயர் வேண்டாம். அவர் மனைவி இந்தப் பத்திரிகையின் வாசகி. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆடிட்டிங் போனதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.) படகு கிடையாது, நீச்சல் தெரியாது, கருவி மட்டும் இருக்கிறது. ஆனை வாங்குமுன் அங்குசம். கூட நான்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிறு, காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர் தன் ஃபைபர் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கருவியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் இது, டிவியா?"

"மீன் எங்க இருக்குன்னு காட்டும் அண்ணே."

"சர்தான். மீனுக்கு விஷயம் தெரியுமா?"

ஆன் செய்தோம். பத்து நிமிஷத்தில் திரையில் ஒரு மீன் படம் மினுக்கியது. நண்பர் துள்ளியதில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தூண்டில் இறங்கியது. கால் மணி நேரம் மௌன விரதம். மீன் அசையவே இல்லை. அண்ணன் பொறுமை இழந்து கழியை விட்டுத் துழாவித் தூக்கினார். காற்று அடைத்து முடிச்சுப் போட்ட பாலிதீன் பை!

"இத்த கொழம்பு வெச்சிரலாமா சார்?"

கருவியைக் குறை சொல்லக் கூடாது. காற்றில் பட்டுத் திரும்பிய சத்தத்தைப் பார்த்து 'மீனாக இருக்கலாம்' என்று அது ஊகிக்கிறது, அவ்வளவே. வாங்க நினைப்பவர்கள் அந்த மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிட்டு, கோடுகளைப் படிக்கப் பழகுவது நல்லது. நிஜ மீன் பெரும்பாலும் கவிழ்த்துப் போட்ட பிறை மாதிரி வளைவாகத் தெரியும். படகு நெருங்க நெருங்க தூரம் குறைந்து, தாண்டியதும் கூடுவதால் வரும் வளைவு அது.

இன்னொரு கணக்கும் உண்டு. சத்தம் கீழே போகப் போக டார்ச் வெளிச்சம் மாதிரி விரியும். 20 டிகிரி விரியும் கருவி என்றால், 30 மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டருக்கு மேல் அகலமான வட்டத்தைப் பார்க்கும். 3 மீட்டரில் ஒரு மீட்டர் வட்டம். ஒரு மீட்டர் ஆழத்தில்? ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு! அதற்குள் கொடுவா வந்து உட்கார வேண்டுமென்றால் அதற்கு முன்ஜென்ம பந்தம் இருக்க வேண்டும். ஆகவே கடலில் ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு இது பொக்கிஷம். கழிமுகத்தில் இதன் வேலை வேறு: தூண் எங்கே, பள்ளம் எங்கே, தரை எங்கே சடாரென்று இறங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது. ஏற்றமும் வற்றமும் மாறும் நேரத்தில் அங்கே தூண்டிலைப் போடலாம்.

"அந்தத் தூணாண்டதான் கொடுவா நிக்கும், தண்ணி திரும்புறப்போ," என்று ரயில் பாலத்தைக் காட்டினார் அண்ணன். கருவிக்கு பேட்டரி வேண்டும். அவருக்கு பீடி போதும்.

நண்பருக்கு அதற்குள் வேறு சந்தேகம். திரையின் மூலையில் ஆழம் 0.9 என்று காட்டிக்கொண்டே இருந்தது. படகு நகர்ந்தால் 0.8. மறுபடி 0.9. இத்தனை அகலமான ஆற்றில் மூன்றடியா?

"மெஷின் ரிப்பேர் போலிருக்கு," என்றார் மச்சானைத் திட்டும் குரலில்.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கழியைச் செங்குத்தாக இறக்கினார். தரை தட்டியது. தண்ணீர் நனைத்த இடத்தில் விரலை வைத்து வெளியே எடுத்துக் காட்டினார். அவர் இடுப்பு உயரம்கூட இல்லை.

"மெஷினு கரெக்டாதான் சார் சொல்லுது. எங்க நைனா காலத்துல இந்த எடத்துல கழி எட்டாது. ரெண்டு ஆள் ஆழம்."

கழியின் நுனியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நண்பரின் உள்ளங்கையில் வைத்தார். கறுப்புச் சேறு இல்லை. வெளிறிய சாம்பல் நிறத்தில், முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைசாக இருந்தது.

"இது சேறு இல்ல சார். சாம்பல்."

அதற்கப்புறம் நண்பர் திரையில் மீனைத் தேடவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும்தான்.

சோனார் திரையில் மிகப் பளிச்சென்று தெரிவது மீன் அல்ல, தரை. கீழே ஓடும் கெட்டியான கோடு. மீன் பிடிப்பவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, சினிமாவில் பின்னால் நடக்கும் ஆட்களைக் கண்டுகொள்ளாத மாதிரி. இந்த ஆற்றில் அந்தக் கோடுதான் கதாநாயகன்.

நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது இங்கே வழக்கம். குழாய் ஒழுகினால் சாம்பல் ஆற்றுக்கு. வருஷக்கணக்கில் ஒழுகி ஆழம் தூர்ந்துவிட்டது என்பது இந்தப் பகுதி மீனவர்களின் நெடுநாள் புகார். மீனவர்களே வழக்குப் போட்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது.

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இதை எழுதும் என் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கேட்பது காமர்ஸ் கேள்வி. மெஷினுக்குத் தேய்மானம் எழுதுகிறோம், கட்டடத்துக்கு எழுதுகிறோம், ஆபீஸ் நாற்காலிக்குக்கூட எழுதுகிறோம். ஒரு ஆற்றின் ஆழம் இரண்டு ஆளிலிருந்து அரை ஆளானால் அது எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது? வரவு நம் கரண்டு கணக்கில், செலவு அண்ணன் வலையில். இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டதாக நாம் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் இப்போது ஒரு சண்டை. படகுக்கு முன்னால் நீந்தும் மீனை சினிமா மாதிரி அப்படியே காட்டும் 'லைவ்' சோனார் 2018 வாக்கில் சந்தைக்கு வந்து, பாஸ் போட்டிகளின் போக்கையே மாற்றிவிட்டது. மீனுக்கு ஒளிய இடமே இல்லை, இது விளையாட்டா வேட்டையா என்று ஒரு கோஷ்டி. விளைவு, பெரிய போட்டிகளில் ஒன்று 2025-லிருந்து அதற்கு நேரக் கட்டுப்பாடே போட்டுவிட்டது. அங்கே மீனுக்கு ஒளிய இடம் இல்லாமல் செய்தது கருவி. இங்கே கருவி எந்தப் பாவமும் செய்யவில்லை. ஒளிந்துகொள்ளும் பள்ளமே தூர்ந்துபோனால் கொடுவா எங்கே போய் நிற்கும்?

'மீனவர் பிரச்னை' என்று நாம் ரயில் ஜன்னலை இறக்கிவிட முடியாது. வடசென்னைப் பக்கத்து மழைத் தண்ணீருக்குக் கடலுக்குப் போகும் வாசல் இந்த முகத்துவாரம். வாசலில் படி உயர்ந்துகொண்டே போனால் வீட்டுக்குள் என்ன ஆகும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் இருந்தவர்களைக் கேளுங்கள். வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கத்து எண்ணெயும் மிதந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, சுவர் எல்லாம் கறுப்பு. ஃபிரிட்ஜை மாடிக்குத் தூக்கிய குடும்பங்களில் பலருக்குக் கொடுவா என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் கொடுவாவுக்கு வேண்டிய அதே ஆழம்தான் அவர்கள் வீட்டுத் தரை நனையாமல் இருக்கவும் வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் தேவை பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆழ்கடல் போகும் படகுகளுக்கு, எங்கே மீன் கிடைக்கலாம் என்று சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் தகவல் அனுப்புகிறது. வானத்திலிருந்து கடலைப் பார்க்க முடிகிறவர்களுக்கு, படகிலிருந்து மூன்றடி கீழே பார்ப்பதா கஷ்டம்? ஒரு சோனார் பெட்டி, ஒரு படகு, ஒரு நாள். ஆடியில் ஒருமுறை, மழைக்கு முன்னால், ஆற்றின் ஆழத்தை அளந்து ஊரறியச் சொன்னால் போதும். அடுத்த வருஷம் மறுபடி அளந்தால், தூர்வாரியது ஆற்றிலா பில்லிலா என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். (யார் அளப்பது என்று ஃபைல் சுற்றுவதற்குள் ஐப்பசி வந்துவிடும் என்கிறீர்களா? அளப்பதற்கு எங்கள் அண்ணனின் கழி தயார்.)

நண்பரின் கருவி இப்போது எங்கே என்று கேட்பீர்களே. அண்ணனிடம் இருக்கிறது. "மீனைப் பார்க்கவா அண்ணே?" என்று கேட்டேன். "மீனை எனக்குத் தெரியும் தம்பி. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேன்றான். மெஷினு சொன்னா நம்புவான்ல?" என்றார்.

நியாயம்தானே? ரயிலில் போகும்போது ஸ்டேஷன் மஞ்சள் போர்டைக் கவனியுங்கள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். தினமும் அதைப் படித்து நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. எண்ணூர்ப் பாலத்துத் தூணிலும் அதே மாதிரி ஒரு மஞ்சள் போர்டு வைத்து, 'கீழே ஆழம் இத்தனை மீட்டர்' என்று வருஷா வருஷம் மாற்றி எழுதலாம். காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிற ஆயிரம் பேர் படிப்பார்கள். கணக்குக் கேட்க அதில் நாலு பேர் போதும்.